வெறுப்புப் பேச்சும் இன்சொல்லும் – ஒரு திறனாய்வு நோக்கு

வெறுப்புப் பேச்சு என்றவுடன் நம் மனக்கண்ணில் வருவது ஒரு மேடை, ஓர் ஒலிபெருக்கி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தும் ஒரு தலைவர். வசைச்சொல் இல்லாமல் வெறுப்பு இல்லை என்பது பொதுவான எண்ணம். ஆகவே அதைக் குறைக்க வழி கேட்டால், நாவடக்கம் பழக வேண்டும், பிள்ளைகளுக்குக் குறள் சொல்லித்தர வேண்டும் என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. சங்க மலர்களில் இப்பொருள் பற்றி வரும் கட்டுரைகள் பலவும் 'இனியவை கூறல்' அதிகாரத்தில் தொடங்கி அங்கேயே இளைப்பாறிவிடும். குறளில் அது பத்தாம் அதிகாரம். இன்னும் ஒன்பது அதிகாரம் தள்ளிப் போனால் 'புறங்கூறாமை' வருகிறது. நம் பொருளுக்கு உரிய இடம் அதுதான் என்பது என் துணிபு.

காரணம் எளிது. கடுஞ்சொல் முகத்துக்கு நேரே சொல்லப்படுவது. அதைக் கேட்பவனே அதனால் புண்படுகிறவன். புறங்கூறலிலோ மூன்று பேர் உண்டு: சொல்பவன், கேட்பவன், அங்கே இல்லாதவன். கேட்பவனுக்கு அது கசப்பதில்லை. மாறாக, சொல்பவனையும் கேட்பவனையும் அது நெருக்கமாக்குகிறது. அங்கே இல்லாத ஒருவனைப் பற்றிப் பேசிப் பேசியே கெட்டிப்பட்ட நட்புகள் எத்தனை! வெறுப்புப் பேச்சின் அமைப்பும் இதுவே. 'அவர்க'ளைப் பற்றி 'நம்மவர்'களிடம் சொல்லப்படுவது அது. கூட்டத்தில் நிற்பவன் காதில் அது இன்சொல்லாகத்தான் விழுகிறது. "நம்ம மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டாருப்பா" என்று நிறைவோடு வீடு திரும்புகிறான். வள்ளுவர் ஒருவனைப் பற்றி ஒருவன் கூறும் புறத்தைப் பேசினார். ஓர் இனத்தைப் பற்றி இன்னோர் இனம் தனக்குள் கூறிக்கொள்ளும் புறம் அச்சும் ஒலிபெருக்கியும் வந்தபின் பெருகிய நோய். கடுஞ்சொல்லையே தேடிப் போகிற சட்டத்துக்கும் அறவுரைக்கும் அது அகப்படாமல் போவதில் வியப்பில்லை.

சான்றுகளுக்கு வருவோம். முதல் சான்று நம்மைப் பற்றியதே.

1968இல் வெளிவந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தை வடக்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் பார்க்காதவர் குறைவு. கதாநாயகிக்குப் பாட்டுச் சொல்லித்தரும் தென்னாட்டு வாத்தியாராக மெஹ்மூத் நடித்தார். குடுமி, வேட்டி, உருட்டி உருட்டிப் பேசும் இந்தி. மன்னா டேயும் கிஷோர் குமாரும் பாடிய அந்தப் போட்டிப் பாட்டு இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பாடப்படுகிறது. நடிப்பு அபாரம், பாட்டு அதைவிட அபாரம், அதில் ஐயமில்லை. ஆனால் கதையை உரித்துப் பாருங்கள். முறையாகப் பயின்ற ஒருவர், பயிற்சியே இல்லாமல் இரவல் குரலில் வாயசைக்கும் ஒருவனிடம் தோற்கிறார். அந்த மோசடியைக் கைதட்டி ஏற்க நமக்குக் கூச்சமில்லாமல் இருப்பது, தோற்கிறவர் 'மதராசி' என்பதால் அல்லவா? இதே கதை வங்காளத்தில் 1952இலும் தெலுங்கில் 1953இலும் வந்து, தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' என்று 1960இலும் வந்தது. தமிழில் அதற்கு ஒரு மதராசி தேவைப்படவில்லை, தேவைப்பட்டிருக்கவும் முடியாது. பம்பாய்க்குப் போன பிறகுதான் அந்த வேடத்துக்கு இந்தக் குடுமி முளைத்தது.

இதை வெறுப்புப் பேச்சு என்று யாரும் வழக்குப் போட முடியாது, போடவும் கூடாது. "சும்மா தமாஷ் சார், இதையெல்லாம் போய் பெரிசா எடுத்துக்கிட்டு" என்பதே சரியான பதில் போலத் தோன்றும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதலில் வைக்கிறார். உரையாசிரியரான பேராசிரியர் அந்த எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. இந்த இரண்டாம் வகையை வெளிமாநிலத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம். அலுவலகத்தில் இட்லி, சாம்பார், 'ஐயோ' என்று யாராவது தொடங்கினால் முதலில் சிரித்துவிடுகிறவர் நம்மவராகத்தான் இருப்பார். சிரிக்காவிட்டால் 'இவருக்கு நகைச்சுவை உணர்வே இல்லை' என்ற பெயர் வந்துவிடும். அந்தச் சிரிப்பு எள்ளுகிறவனுக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

எல்லா எள்ளலும் கொலையில் முடிவதில்லை. ஆனால் 2014 ஜனவரியில் தில்லி லஜ்பத் நகர்க் கடைவீதியில், அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ டானியாவின் தலைமுடியைச் சிலர் கேலி செய்ததில் தொடங்கியதுதான் அவர் உயிர் போவதில் முடிந்த அந்தத் தகராறு. வடகிழக்கு மாநிலத்தவரைக் குறிக்கத் தில்லியில் வழங்கும் இழிபெயரை, அது இழிபெயர் என்றே தெரியாமல், நம் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியிலிருந்து கொண்டுவருகிறார்கள். மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு அவ்வாண்டே அறிக்கை தந்தது. இத்தகைய இனப்பெயர் கூறி இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

இனி பம்பாய். 1960 மே முதல் நாள் மராட்டிய மாநிலம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பால் தாக்கரே 'மார்மிக்' என்ற கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். அதில் சில ஆண்டுகளில் ஒரு பகுதி வரத் தொடங்கியது. நகரின் பெரிய நிறுவனங்களில் அதிகாரிகளாக இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல். பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். 'படியுங்கள், பேசாமல் இருங்கள்' என்ற பொருள்படும் தலைப்பு அதற்கு. பிறகு அது 'படியுங்கள், எழுங்கள்' என்று மாறியது. 1966 ஜூன் 19இல் சிவசேனை உருவானது.

ஒரு திறனாய்வாளன் நின்று பார்க்க வேண்டிய இடம் இந்தப் பட்டியல். இதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. பொய்யும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பெயர், பதவி, நிறுவனம், அவ்வளவுதான். எழுதியவர் வெறுப்பைச் சொல்லவில்லை. படிக்கிறவன் தானே அதைக் கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறார். கேலிச்சித்திரங்களும், தென்னாட்டுப் பேச்சின் ஒலியை நையாண்டி செய்யும் 'எண்டுகுண்டு' என்ற சொல்லும், லுங்கியை விரட்டு என்ற முழக்கமும் பக்கத்தில் இருந்தன. ஆனால் உண்மையான வேலையைச் செய்தது, தொலைபேசிக் கையேடு போல உணர்ச்சியே இல்லாமல் கிடந்த அந்தப் பட்டியல்தான். அண்மைக்கால உரைநடையில் இதைவிடச் சிக்கனமான வெறுப்பு இலக்கியத்தை நான் பார்த்ததில்லை.

குறை உண்மையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் மொழிக்கென ஒரு மாநிலம் கிடைத்த மராட்டிய இளைஞனுக்குத் தன் தலைநகரிலேயே அலுவலக வேலை அரிதாக இருந்தது. அவன் மனக்குறையை மேரி கட்சென்ஸ்டீன், தீபாங்கர் குப்தா முதலிய ஆய்வாளர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நகரின் பெருமுதல் யார் கையில் இருந்ததோ அவர்களை நோக்கி அந்தப் பட்டியல் திரும்பவில்லை. தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவும் கணக்கரும்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். குறையைத் தீர்ப்பதைவிடக் குறைக்கு ஒரு முகம் கொடுப்பது சுலபம்.

அந்த முகமும் ஒரே முகமாக இருக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தவரும், மாதுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக் கணக்கரும், மலையாளத் தட்டச்சரும், துளு பேசும் உடுப்பி ஓட்டல்காரரும் தங்களுக்குள் ஒருவரையொருவர் 'நம்மவர்' என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மதராசி என்ற ஒரே சொல் அத்தனை பேரையும் விழுங்கிவிட்டது. கல் எறியப்பட்ட ஓட்டல்கள் பலவும் தமிழருடையவை அல்ல, கன்னட நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்தவர்களுடையவை. வெறுப்புப் பேச்சின் இலக்கணத்தில் முதல் விதி இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது: வசைக்கு முன்னால் ஒரு தொகைப்பெயர் வேண்டும்.

தொகைப்பெயர் நிலைத்துவிட்டால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். 2008இல் அதே நகரில், அதே குறையைச் சொல்லி, வேறொரு கட்சியினர் பீகார், உத்தரப் பிரதேசத்து வாடகை வண்டி ஓட்டிகளையும் ரயில்வே தேர்வு எழுத வந்த இளைஞர்களையும் அடித்தார்கள். "நல்ல வேளை, நம்மளை விட்டுட்டாங்க" என்ற பெருமூச்சு செம்பூரிலும் சயானிலும் கேட்டது இயற்கைதான்.

சட்டம் என்ன செய்தது? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153-ஏ பிரிவு சமயம், சாதி மட்டுமின்றி மொழி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றின் பெயராலும் பகைமை வளர்ப்பதைக் குற்றம் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 196ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. ஆனால் அரசின் முன் அனுமதியின்றி நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. பேசியவரின் தயவில் நிற்கும் அரசு என்றால் அந்த அனுமதி எப்போது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேறு மாநிலங்களில் குடியேறி வாழ்வோரின் நலனுக்கான 'பிரவாசி பலாயி சங்கதன்' என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது நம்மில் பலருக்குத் தெரியாது. நம்மைப் போன்றவர்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கு அது. 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. வெறுப்புப் பேச்சு ஒரு குழுவைப் பெரும்பான்மையின் கண்ணில் சிறுமைப்படுத்துகிறது, பின்னால் வரும் தாக்குதலுக்கு நிலத்தைப் பண்படுத்துகிறது, பதில் சொல்லும் வலிமையையே அக்குழுவிடமிருந்து பறிக்கிறது என்று நீதிமன்றம் தெளிவாகக் கண்டது. ஆயினும் இருக்கும் சட்டங்களே போதும், அவை நடைமுறையில் இல்லாததே குறை என்று சொல்லி, மேற்கொண்டு ஆராயச் சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. 2017 மார்ச்சில் ஆணையம் தன் 267ஆம் அறிக்கையில் இரண்டு புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. புதிய சன்ஹிதாவிலோ வெறுப்புப் பேச்சு என்பதற்கு ஒரு வரையறை கூட இல்லை. புகாருக்குக் காத்திராமல் காவல்துறை தானே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மூன்று மாநிலங்களுக்கும், 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது.

வரையறை எழுதுவது எளிதென்று நான் சொல்லமாட்டேன். அகலமாக எழுதினால் எழுத்தாளனைத்தான் முதலில் பிடிப்பார்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' எதிர்ப்பில் கேட்ட மொழி 'எங்கள் மனம் புண்பட்டது' என்பதே. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சமாதானக் கூட்டத்துக்குப் பிறகு அவர் தம் எழுத்தாளர் வாழ்வே முடிந்ததென்று அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் அவர் பக்கம் நின்றது. புண்பட்டோம் என்று சொல்கிற பெருங்கூட்டமும், ஊரைவிட்டுப் போ என்று கேட்க நேர்கிற தனியாளும் ஒன்றல்ல. சட்டத்தின் சொற்களில் இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். தெருவில் நின்று பார்த்தால் அவ்வளவு கடினமில்லை.

இவ்வளவும் நம்மைப் பிறர் சொன்னது. நாம் சொல்வது?

சங்கப் பாடல்களில் வடக்கெல்லைக்கு அப்பால் உள்ள வடுகரைப் பற்றி வரும் அடைமொழிகளைக் கவனித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். அவர்களுடைய சினம் கொண்ட நாய்களும் விளங்காத பேச்சும்தான் புலவர்களுக்கு முதலில் படுகின்றன. பிறர் மொழி ஒலியை ஏளனமாகக் கேட்கும் காது பம்பாயில் பிறந்ததல்ல. அதே இலக்கியத்தில் 'மொழிபெயர் தேயம்' என்ற அழகான தொடரும் இருக்கிறது. வசையும் புகழும் இல்லாமல், மொழி மாறும் நாடு என்று மட்டும் சொல்கிறது. நம் விழாக்களிலோ கணியன் பூங்குன்றனாரின் அந்த ஒரு வரியை நன்னடத்தைச் சான்றிதழ் போல முதலில் நீட்டிவிட்டு மற்றதைத் தொடங்குகிறோம்.

தமிழ்ப் படத்தில் அடகுக்கடை 'சேட்டு' பேசும் கொச்சைத் தமிழுக்குச் சிரித்த தலைமுறைதான் மெஹ்மூதின் இந்திக்கு முகம் சுளித்தது. 2007இல் வந்த 'சிவாஜி' இன்னும் ஒரு படி மேல். பாரி மகளிரின் பெயர்களாக மரபு போற்றும் அங்கவை, சங்கவை என்ற பெயர்களை, முகத்தில் கருமை அப்பிய இரு பெண்களுக்குச் சூட்டி, அவர்கள் நிறத்தையே நகைச்சுவையாக்கினார்கள். புறநானூற்றைக் கரைத்துக் குடித்தவர்களும் அரங்கில் சிரித்தார்கள். 'கறுப்பு' என்று வடக்கே நம்மைச் சொன்னால் இனவெறி, நாம் நம் பெண்களையே சொன்னால் தமாஷா? இதற்கு மாறாக, 1981இல் பாலசந்தர் இந்தியில் எடுத்த 'ஏக் தூஜே கே லியே'யைச் சொல்லலாம். தமிழ் வீடும் இந்தி வீடும் அதில் சம அளவு கடுமையோடு ஒன்றையொன்று வெறுக்கின்றன. கமல்ஹாசனின் வாசு தமிழனாகவே இருக்கிறான், கேலிச்சித்திரமாக அல்ல. முடிவு மிகையானது என்பது என் கருத்து. ஆனால் இந்த நேர்மைக்காக அந்தப் படத்தை மன்னிக்கலாம்.

இன்று தமிழ்நாட்டில் நம் உறவினர் வாயில் சர்வசாதாரணமாக வரும் சொல் 'வடக்கன்'. கட்டடம் கட்டும் ஒடியா, பின்னலாடைத் தொழிற்சாலையில் தைக்கும் பீகாரி, உணவகத்தில் மேசை துடைக்கும் அசாமி, தேநீர் ஆற்றும் நேபாளி எல்லோரும் அதில் அடக்கம். அசாமி எப்படி 'வடக்கன்' ஆனான் என்று திசைகாட்டியைத்தான் கேட்க வேண்டும். கேரளத்தில் அரசு 'அதிதி தொழிலாளி', விருந்தினர் என்று மரியாதையாகப் பெயர் வைத்தது. தெருவில் எல்லோரும் 'பங்காளி', அதாவது வங்காளி. (தமிழில் பங்காளி என்றால் வரும் தகராறே வேறு.) மதராசி என்ற சொல் செய்த அதே வேலையை இந்தச் சொற்கள் செய்கின்றன. நான்கு மொழிக்காரர்கள் ஓராளாகிறார்கள்.

ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்ட மக்களைத் துரத்த வதந்தி ஒன்றே போதும். 2012 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் சிறப்பு ரயில்களில் குவஹாத்திக்குக் கிளம்பினார்களே, அவர்களை விரட்டியது கைப்பேசியில் வந்த குறுஞ்செய்திகள். அவை எதிரியிடமிருந்து வரவில்லை. நண்பன் நண்பனுக்கும், அக்கா தம்பிக்கும், பயந்துபோய் அக்கறையோடு அனுப்பியவை. மத்திய அரசு, ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக்கூடாதென்று பதினைந்து நாள் தடை போட்டது. அன்பாக வருவதை எண்ணிக்கையால் தடுக்கப் பார்த்தார்கள்.

2023 மார்ச் தொடக்கத்தில் அதே கதை நம் மாநிலத்துக்கு வந்தது. பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் படங்கள் அவை. பீகாரில் ஒரு தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? தமிழன்மேல் வெறுப்பாக அல்ல; 'உன் பிள்ளை பத்திரமா?' என்ற கரிசனமாகத்தான். ஹோலியும் சேர்ந்துகொள்ள, திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் ஊருக்குக் கிளம்பியவர்கள் கூட்டம். காணொளி பொய்தான். ஆனால் அதைப் பார்த்துப் 'இருக்காது' என்று சொல்ல அங்கே வேலை செய்த இளைஞனுக்கு ஏன் மனம் வரவில்லை? பொய்க்கு வேண்டிய ஈரத்தை, அவன் முதுகுக்குப் பின்னால் நாள்தோறும் பேசப்பட்ட 'வடக்கன்' பேச்சு ஏற்கெனவே நிலத்தில் விட்டிருந்தது. அவனுக்குத் தமிழ் புரியாது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு ஆண்டு திருப்பூரில் இருந்தவனுக்கு அந்த ஒரு சொல் புரியாமலா போகும்?

அந்த வதந்தி எப்படி அடங்கியது என்பதே நமக்குப் பாடமான பகுதி. தமிழகக் காவல்துறை உடனே மறுத்தது. அதிகாரிகள் தொழிற்சாலைகளுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் இந்தியில் பேசினார்கள். நல்ல செயல்தான். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவன் தரும் மறுப்புக்குப் புறங்கூறலில் மதிப்பில்லை. தீர்த்து வைத்தது வேறு. பீகார் அரசு தன் அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் நேரில் வந்து தங்கள் ஊர்க்காரர்களைச் சந்தித்தார்கள். காணொளிகள் பொய் என்று பீகார்க் காவல்துறையே சொல்லி, அவற்றைப் பரப்பியவர்கள்மேல் அங்கேயே வழக்குப் பதிந்தது. கேட்பவன் காதில் இனித்த சொல்லைக் கசக்க வைக்கக் கேட்பவன் கூட்டத்திலிருந்தே ஒருவர் வேண்டியிருக்கிறது. 1960களின் பம்பாயில் மதராசிகள் எழுதிய மறுப்புக் கடிதங்களை மராட்டிய வாசகர் எத்தனை பேர் பொருட்படுத்தியிருப்பார்கள்?

'வடக்கன்' என்ற சொல்லுக்கு மறுப்பு பாட்னாவிலிருந்து வந்து பயனில்லை, தமிழுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். அதைச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் ஒடியாவுக்கும் போஜ்புரிக்கும் வேறுபாடு தெரிந்தவர்கள், வாடகை வீடு தேடும்போது தன் பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, சித்தப்பா வீட்டுக் கூடத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கும் நேரம் நிச்சயம் வரும். "சித்தப்பா, அந்தப் பையன் எந்த ஊர், பேரென்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்காது. சித்தி சொல்வார்: "யாரு, நம்ம தண்ணி கேன் போடற பையனா? பாலசோர்னு சொன்னான். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம், அடுத்த வாரம் ஊருக்குப் போறான்."